புள்ளி வைத்ததும் எடிட்டருக்கு எப்படித் தெரிகிறது?

மொத்த வியாபார மண்டி ஒன்றுக்காக எடை போட்டு பில் அடிக்கும் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். மின்னணுத் தராசை விற்றவர்கள், அதோடு பேசுவதற்கு ஒரு பைத்தான் மாட்யூலும் கொடுத்திருந்தார்கள். சி மொழியில் எழுதி கம்பைல் செய்த கோப்பு. திறந்தால் படிக்க ஒன்றும் இருக்காது. கூடவே இரண்டு பக்க பிடிஎஃப் ஒன்று. விஎஸ் கோடில் மாட்யூலை இம்போர்ட் செய்து, பெயரை அடித்து, புள்ளி வைத்தேன். ஒன்றும் வரவில்லை. வேறு எந்த மாட்யூலாக இருந்தாலும் புள்ளி வைத்த உடனே ஃபங்ஷன்களின் பட்டியல் கீழே விரியும். இங்கே வெறும் கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் பிடிஎஃப்பைத் திறந்து, பெயரில் அண்டர்ஸ்கோர் எங்கே வருகிறது, முதலில் கொடுக்க வேண்டியது போர்ட்டா டைம்அவுட்டா என்று பார்த்துப் பார்த்து அடித்தேன்.

அன்று மாலை ஒரு கோப்பு எழுதினேன். இருபது வரிகூட இல்லை. ஓடக்கூடிய நிரல் என்று அதில் எதுவும் கிடையாது. பைத்தான் அதைத் திறந்துகூடப் பார்க்காது. ஆனால் அதை உரிய ஃபோல்டரில் வைத்ததும் புள்ளிக்குக் கீழே பட்டியல் விரிந்தது. அடைப்புக்குறி திறந்தால் என்னென்ன கொடுக்க வேண்டும் என்று காட்டியது. எண் கேட்கும் இடத்தில் எழுத்தைக் கொடுத்தால் சிவப்புக் கோடு விழுந்தது.

இப்படிப்பட்ட கோப்புக்கு ஸ்டப் என்று பெயர். சாதாரணப் பைத்தான் கோப்பின் பெயர் பிஒய் என்று முடியும். ஸ்டப்பின் பெயர் அதற்குப் பின் ஒரு ஐ சேர்ந்து பிஒய்ஐ என்று முடியும். நல்ல எடிட்டரில் பைத்தான் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் நாள் முழுக்க ஸ்டப்கள்தான் பின்னாலிருந்து உதவிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒன்று இருக்கிறது என்று அறியாமலே பல வருடம் ஓட்டிவிடலாம். நானும் அப்படித்தான் ஓட்டினேன். தெரிந்துகொண்டபின், எடிட்டர் போடும் கோடுகளில் பாதிக்கு மேல் ஏன் வருகின்றன என்பது விளங்கியது.

எடிட்டர் உங்கள் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை. அடிக்க அடிக்க அதைப் படிக்கிறது, அவ்வளவுதான். விஎஸ் கோடில் இந்தப் படிப்பு வேலையைச் செய்வது பைலான்ஸ். அதற்குள் இருக்கும் எஞ்சின் பைரைட். இரண்டும் மைக்ரோசாஃப்ட்டில் உருவானவை. பைசார்முக்குத் தனியாக ஒரு எஞ்சின் உண்டு. கமாண்ட் லைனில் சோதிக்கிறவர்கள் மைபையைப் பயன்படுத்துவார்கள். எல்லாமே ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடுகின்றன: இந்த இடத்தில் இந்தப் பெயருக்குள் இருப்பது எந்த வகைப் பொருள்? எழுத்தா, எண்ணா, பட்டியலா, அல்லது ஒன்றுமே இல்லையா?

மற்ற பல மொழிகளில் இதை எழுதுகிறவரே சொல்லியாக வேண்டும். பைத்தானில் சொல்லத் தேவையில்லை. ஒரு பெயரில் இப்போது எண்ணை வைக்கலாம், அடுத்த வரியில் அதே பெயரில் பட்டியலை வைக்கலாம். எழுதுவதற்குச் சுகம். படிக்கிற எடிட்டருக்கு அதுவே கஷ்டம். நிரல் கண் முன்னால் இருந்தால், வரி வரியாகப் போய் எடிட்டர் ஓரளவு ஊகித்துவிடும். என் தராசு மாட்யூலைப் போலக் கம்பைல் ஆகிப்போன கோப்பில் ஊகிக்க என்ன இருக்கிறது?

2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வெளிவந்தபோதே, ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுப்பதும் அது திருப்பித் தருவதும் இன்னவை என்று பக்கத்தில் குறிப்பு எழுத இலக்கணம் இருந்தது. அந்தக் குறிப்புக்கு என்ன பொருள் என்று மட்டும் யாரும் வரையறுக்கவில்லை. அதை வரையறுத்தது பெப் 484 என்ற ஆவணம். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம், மைபையைத் தொடங்கிய யுக்கா லெஹ்தோசாலோ, லூகாஷ் லாங்கா ஆகிய மூவரும் எழுதியது. 2015 செப்டம்பரில் பைத்தான் 3.5 வந்தபோது இது நடைமுறைக்கு வந்தது. குறிப்பு எழுதுவது யாருக்கும் கட்டாயமில்லை, இனியும் கட்டாயமாக்கும் எண்ணம் இல்லை என்று அதிலேயே அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். நேற்றுவரை எழுதிய கோடிக்கணக்கான வரிகளில் ஒன்றுகூட அதனால் உடையவில்லை.

அப்படியானால் அந்தப் பழைய வரிகளை எடிட்டர் எப்படிப் புரிந்துகொள்ளும்? அடுத்தவர் எழுதிய லைப்ரரியை நாம் தொட முடியாது. சி மொழியில் இருப்பதில் பைத்தான் குறிப்பு எழுத இடமே இல்லை. இதற்கும் அதே ஆவணம் வழி சொன்னது. நிரலைத் தொட வேண்டாம், குறிப்புகளை மட்டும் தனிக் கோப்பில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள் என்றது. அதுதான் ஸ்டப்.

செக் புத்தகத்தில் செக்கைக் கிழித்துக் கொடுத்தபின் நம்மிடமே தங்கும் அடிக்கட்டைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அடிக்கட்டையை வங்கியில் நீட்டினால் பணம் வராது. யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்ற விவரம் மட்டும் அதில் இருக்கும். கணக்குப் பார்க்கிறவருக்கு அது போதும். ஸ்டப் கோப்பும் அப்படித்தான்: வேலை அதில் நடக்காது, வேலையின் விவரம் மட்டும் இருக்கும்.

என் ஸ்டப்பில் முக்கியமான வரி இது. எடிட்டரில் ஆங்கில எழுத்தில் அடிப்பதை இங்கே வாசித்துக் காட்டுகிறேன்:

டெஃப் எடை_படி(போர்ட்: ஸ்ட்ர், டைம்அவுட்: ஃப்ளோட் = ...) -> ஃப்ளோட்: ...

எடை_படி என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. முதலில் கொடுக்க வேண்டியது போர்ட்டின் பெயர், அது எழுத்துச் சரம். அடுத்தது டைம்அவுட், அது தசம எண். அதற்குப் பின் இருக்கும் மூன்று புள்ளிகள், அதைக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே ஒரு மதிப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்கின்றன. அம்புக்குறிக்குப் பின் வருவது ஃபங்ஷன் திருப்பித் தரும் பொருளின் வகை. வரிக் கடைசியில் மறுபடியும் மூன்று புள்ளிகள். வழக்கமாக ஃபங்ஷனின் உடல் வரும் இடம் அது. இங்கே உடல் இல்லை. புள்ளிகளைப் போட்டு இடத்தை நிரப்பிவிட்டுப் போய்விடுகிறோம்.

நீங்கள் ஒரு ஸ்டப்கூட எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனாலும் இன்று காலை எடிட்டரைத் திறந்ததிலிருந்து ஸ்டப்களைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கோப்பைத் திறக்கும் ஓபன் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பைத்தானில் அது சி மொழியில் எழுதப்பட்டது. எடிட்டர் அதைப் படிக்க முடியாது. இருந்தும் ஓபன் என்று அடித்ததும் எல்லாம் காட்டுகிறது. காரணம், டைப்ஷெட் என்ற தொகுப்பு. பைத்தானோடு வரும் மாட்யூல்கள் எல்லாவற்றுக்கும் ஸ்டப் எழுதி ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பைத்தான் திட்டத்தின் கீழ், பெரும்பாலும் தன்னார்வலர்களின் கையால் வளர்கிற தொகுப்பு அது. மைபையும் பைரைட்டும் பைசார்மும் அதன் ஒரு நகலைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டுதான் உங்கள் கணினிக்கு வருகின்றன.

ஓபனுக்கான ஸ்டப்பை ஒருமுறை திறந்து பாருங்கள், அதில் உழைப்பு தெரியும். அதே பெயரில் ஏழு பதிவுகள் இருக்கும், ஒவ்வொன்றின் தலையிலும் ஓவர்லோட் என்ற குறி. ஏன் ஏழு? நீங்கள் இரண்டாவதாக ஆர் என்று கொடுத்துத் திறந்தால் படிக்கக் கிடைப்பது எழுத்து. ஆர்பி என்று கொடுத்தால் கிடைப்பது வெறும் பைட்கள். ஒரே ஃபங்ஷன், ஆனால் கொடுக்கும் ஒற்றை எழுத்தைப் பொறுத்து வெளியே வரும் பொருள் மாறுகிறது. ஸ்டப் எழுதியவர்கள் எந்தெந்த எழுத்துச் சேர்க்கைக்கு எந்தப் பொருள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் ஆர்பி என்று திறந்து, படித்ததை சாதாரண எழுத்துக் கமாவால் பிரிக்கப் போனால், வகைச் சோதனை இயக்கத்தில் இருந்தால், நிரலை ஓட்டும் முன்பே எடிட்டர் சிவப்புக் கோடு போடுகிறது. ஓட்டியிருந்தாலும் அதே இடத்தில்தான் நின்றிருக்கும், ஆனால் வாடிக்கையாளரின் முன்னால்.

ஆர்ஈ மாட்யூலின் மேட்ச் இன்னொரு உதாரணம். தேடிய வடிவம் கிடைத்தால் ஒரு பொருள் தரும், கிடைக்காவிட்டால் நன், அதாவது ஒன்றுமில்லை. ஸ்டப்பில் இந்த இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. நாம் அவசரத்தில் மேட்ச் முடிந்த கையோடு புள்ளி வைத்து குரூப் என்று அடிக்கிறோம், எடிட்டர் கோடு போடுகிறது. புதிதாக எழுதுகிறவர்கள் பலர் இந்தக் கோட்டை எடிட்டரின் தொந்தரவு என்று நினைத்து அந்தச் சோதனையையே அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள். கிடைக்காவிட்டால் என்ன செய்யப்போகிறாய் என்று அது கேட்கிறது. அதற்கு ஓர் இஃப் வரி எழுதிவிட்டால் கோடு தானாக மறைந்துவிடும்.

டைப்ஷெட் எடிட்டருக்குள் பொதிந்து வருவதால் இன்னொன்றும் நடக்கும். நீங்கள் நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, எடிட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது, மறுநாள் காலை புதிதாக நாலு கோடுகள். பயப்பட வேண்டாம். யாரோ ஸ்டப்பில் ஒரு விவரத்தைத் திருத்தியிருப்பார்கள், அது இப்போது உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

வெளி லைப்ரரிகள் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். யாம்ல் கோப்பைப் படிக்கும் லைப்ரரியை இம்போர்ட் செய்யும்போது பைலான்ஸ் மஞ்சள் கோடு போட்டு, மூலத்திலிருந்து கண்டறிய முடியவில்லை என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் புள்ளி வைத்தால் பட்டியல் மட்டும் ஒழுங்காக வருகிறது! லைப்ரரி இருக்கிறதா இல்லையா? இல்லை என்பதுதான் பதில். அந்த லைப்ரரியின் ஸ்டப் பைலான்ஸுடன் சேர்ந்து வந்துவிட்டது, அதைப் பார்த்துப் பட்டியல் காட்டுகிறது. நிஜமான லைப்ரரி நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் பைத்தானில் நிறுவப்படவில்லை. பெரும்பாலும் வேறு விர்ச்சுவல் என்விரான்மென்ட்டைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். கீழே மூலையில் இருக்கும் பைத்தானின் பெயரை அழுத்தி மாற்றினாலே சரியாகிவிடும். அடிக்கட்டை கையில் இருக்கிறது, செக் இல்லை. அந்த மஞ்சள் கோடு சொல்வது அவ்வளவுதான்.

மைபையில் இதன் மறுபக்கத்தைப் பார்ப்பீர்கள். ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரி நிறுவியிருந்தும், அதற்கான ஸ்டப் நிறுவப்படவில்லை என்று மைபை நிற்கும். முன்பெல்லாம் வெளி லைப்ரரிகளின் ஸ்டப்களையும் மைபை தன்னோடு சுமந்து வந்தது. 2021 ஜூனில் வந்த 0.900 பதிப்பிலிருந்து அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டது. இப்போது பெயருக்கு முன்னால் டைப்ஸ் என்று சேர்த்து, டைப்ஸ்-ரெக்வெஸ்ட்ஸ் என்பதைத் தனியாக பிப் மூலம் நிறுவ வேண்டும். மைபையே அந்தக் கட்டளையையும் எழுதிக் காட்டும், அதைப் பார்த்து அடித்தால் போதும்.

சில லைப்ரரிகளுக்கு இது எதுவும் வேண்டாம். ஆசிரியர்களே உள்ளுக்குள் குறிப்புகளை எழுதி, பிஒய்.டைப்ட் என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பையும் வைத்திருப்பார்கள். என் குறிப்புகளை நம்பலாம் என்ற அறிவிப்பு அது. பெப் 561 என்ற ஆவணம் தந்த ஏற்பாடு. அந்தக் காலிக் கோப்பு இல்லாவிட்டால், நிறுவிய லைப்ரரிக்குள் எவ்வளவு அழகாகக் குறிப்பு எழுதியிருந்தாலும் மைபை அதைக் கண்டுகொள்ளாது. லைப்ரரி வெளியிடுகிறவர்கள் அடிக்கடி மறந்துபோகும் கோப்பும் இதுதான்.

இனி, நீங்களே எழுத வேண்டிய இடத்துக்கு வருகிறேன். பைலான்ஸுக்கும் பைரைட்டுக்கும் உங்கள் புராஜெக்ட்டின் வேர் ஃபோல்டரில் டைப்பிங்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போதும். அமைப்புகளில் எதையும் தொடாவிட்டாலும் அவை அங்கே பார்க்கும். மாட்யூலின் பெயரும் ஸ்டப்பின் பெயரும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும், முடிவில் மட்டும் பிஒய்ஐ. மைபைக்கு அந்த ஃபோல்டரின் பாதையை அமைப்புக் கோப்பில் எழுதிக் காட்ட வேண்டும்.

வெள்ளைத் தாளிலிருந்து தொடங்கத் தேவையில்லை. மைபையோடு ஸ்டப்ஜென் என்ற கருவி வருகிறது. மாட்யூலின் பெயரைக் கொடுத்தால் வரைவு ஸ்டப் ஒன்றை எழுதித் தரும். பைரைட்டிலும் இதற்கு ஒரு கட்டளை உண்டு. பைத்தானில் எழுதிய மாட்யூல் என்றால் வரைவு நன்றாகவே வரும். என்னுடையதைப் போன்ற கம்பைல் ஆன மாட்யூலுக்குப் பெயர்கள் வந்தன, வகைகள் வரவில்லை. எல்லா இடத்திலும் முழுமையற்றது என்ற அடையாளமே நின்றது. பிடிஎஃப்பைப் பார்த்து ஒவ்வொன்றாக நிரப்பினேன். நிரப்பும்போதே ஒவ்வொரு ஃபங்ஷனுக்குக் கீழும் ஒரு வரி விளக்கமும் எழுதிவைத்தேன்: எடை கிலோவில், மூன்று தசமம். ஸ்டப்பில் விளக்கம் எழுதும் வழக்கம் அவ்வளவாக இல்லை, நிஜ நிரலில் இருப்பதை எடிட்டர் எடுத்துக்கொள்ளும் என்பதால். இங்கே நிஜ நிரலைப் படிக்க வழியில்லையே. இப்போது மவுஸை மேலே வைத்தால் அந்த வரி தெரிகிறது, பிடிஎஃப்பைத் தேடுவது நின்றது.

இன்னொரு வசதியும் அப்போதுதான் தெரிந்தது. மண்டிக் கணினியில் இருந்தது பைத்தான் 3.8. இதுவா அதுவா என்று இரண்டு வகைகளுக்கு நடுவே செங்குத்துக் கோடு போட்டு எழுதும் முறை 3.10இல்தான் வந்தது. நிரலில் எழுதினால் அந்தக் கணினியில் ஓடாது. ஸ்டப்பில் தாராளமாக எழுதலாம், ஏனென்றால் அங்கிருக்கும் பைத்தான் அதைப் படிக்கப்போவதே இல்லை.

படிக்கப்போவதில்லை என்ற இந்த ஒன்றில்தான் ஸ்டப்பின் சௌகரியம் முழுவதும் இருக்கிறது, ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. எடிட்டர் ஸ்டப்பை நம்புகிறது, முழுக்க நம்புகிறது. ஸ்டப் கிடைத்துவிட்டால் வகைகளுக்காக நிஜ நிரலின் பக்கம் திரும்பாது. ஒரு மாட்யூலில் முப்பது ஃபங்ஷன் இருந்து, நீங்கள் ஐந்துக்கு மட்டும் ஸ்டப் எழுதினால், மீதி இருபத்தைந்தும் எடிட்டரின் கண்ணில் இல்லாமலே போய்விடும். நேற்றுவரை வேலை செய்த வரிகளின் கீழெல்லாம் கோடு விழும். அவசரத்துக்குப் பாதி எழுதினால், மாட்யூல் அளவில் கெட்ஆட்ர் என்ற ஃபங்ஷனை ஸ்டப்பில் ஒரு வரி சேர்த்து, மற்ற பெயர்களும் உண்டு, வகைதான் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். இம்போர்ட்டிலும் ஒரு பழக்கம் வேண்டும். ஸ்டப்புக்குள் இம்போர்ட் செய்த பெயர் வெளியே தெரியாது. தெரிய வேண்டும் என்றால் அதே பெயரை அஸ் போட்டு மறுபடி எழுத வேண்டும்.

இவை தொந்தரவுகள்தான், உடனே கண்ணில் படும், திருத்திவிடலாம். கண்ணில் படாத தவறு வேறு. அதை நான் செய்தேன்.

பிடிஎஃப்பில் எடை_படி பற்றி, எடையைக் கிலோவில் தரும் என்று ஒரே வரி இருந்தது. நானும் அம்புக்குறிக்குப் பின் ஃப்ளோட் என்று எழுதினேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. ஒருநாள் காலை லாரி வந்து நின்று, மூட்டைகள் வேகமாக ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் பில் திரை உறைந்துபோனது. தட்டில் வைத்த மூட்டை இன்னும் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. டைம்அவுட்டுக்குள் எடை நிலைக்கவில்லை. அப்படி நேர்ந்தால் அந்த ஃபங்ஷன் எண் எதையும் தராது, நன் தரும். நன்னோடு எண்ணைக் கூட்டப் போய் நிரல் நின்றுவிட்டது. பணியாள் மூட்டையை இறக்கித் திரும்ப வைத்தார், நிரலை மறுபடி தொடங்க வேண்டியிருந்தது, பின்னால் இருந்தவர்கள் காத்துநின்றார்கள்.

எடிட்டர் ஒரு கோடுகூடப் போடவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. எப்படிப் போடும்? எப்போதும் ஃப்ளோட் வரும் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஸ்டப் இல்லாமலே இருந்திருந்தால் எடிட்டர் ஒன்றும் சொல்லியிருக்காது, நானும் என்ன வருமோ என்று சோதித்துப் பார்த்திருப்பேன். தவறான ஸ்டப், ஸ்டப் இல்லாததைவிட மோசம். தராசில் வெறும் கையால் மூட்டையை ஆட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டபின், வரியைத் திருத்தினேன்:

டெஃப் எடை_படி(போர்ட்: ஸ்ட்ர், டைம்அவுட்: ஃப்ளோட் = ...) -> ஃப்ளோட் | நன்: ...

சேமித்ததும் மூன்று இடங்களில் சிவப்புக் கோடு விழுந்தது. ஒன்று காலையில் நின்ற இடம். மற்ற இரண்டும் நான் நினைத்தே பார்க்காதவை: சாக்கின் எடையைக் கழிக்கும் வரி, நாள் முடிவில் மொத்தம் கூட்டும் வரி. இரண்டும் என்றோ ஒருநாள் நின்றிருக்கும். ஒரே வரியில் உண்மையை எழுதியதும் மூன்றையும் எடிட்டர் தேடித் தந்துவிட்டது. அன்றிலிருந்து, நேரில் ஓட்டிப் பார்க்காத எதற்கும் நான் வகை எழுதுவதில்லை. தெரியாத இடத்தில் எனி என்றே விட்டுவிடுகிறேன். அது எடிட்டரிடம், இதைப் பற்றி எனக்குத் தெரியாது, நீயும் எதுவும் சொல்லாதே என்று நேர்மையாகச் சொல்லும் சொல்.

ஸ்டப்பையும் நிஜத்தையும் ஒப்பிட ஸ்டப்டெஸ்ட் என்ற கருவி மைபையோடு வருகிறது. டைப்ஷெட்டிலும் இதை ஓட்டித்தான் மாற்றங்களைச் சோதிக்கிறார்கள். இது மாட்யூலை நிஜமாகவே இம்போர்ட் செய்து, ஸ்டப்பில் இருக்கும் பெயர்கள் அங்கே இருக்கின்றனவா, கொடுக்க வேண்டியவை பொருந்துகின்றனவா என்று பார்க்கும். மிகவும் உபயோகமானது. ஆனால் ஃபங்ஷன்களை அழைத்துப் பார்க்காது. என் தவறை அது பிடித்திருக்காது, ஏனென்றால் எந்தச் சமயத்தில் என்ன திரும்பி வரும் என்பது அழைத்தால்தான் தெரியும்.

எப்போது ஸ்டப், எப்போது நிரலுக்குள்ளேயே குறிப்பு? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிரல் உங்களுடையது, பைத்தானில்தான் இருக்கிறது என்றால் குறிப்பை நிரலுக்குள்ளேயே எழுதுங்கள். இரண்டு கோப்பாக வைத்தால் ஒன்றை மாற்றி மற்றதை மறந்துபோவோம். கூடவே, பக்கத்தில் ஸ்டப் இருக்கும் கோப்பை இம்போர்ட் செய்யும் இடங்களில் எடிட்டர் ஸ்டப்பைத்தான் பார்க்கும் என்பதால், மறந்தது வெகுநாள் தெரியவே தெரியாது. ஸ்டப் எழுதுவது வேறு வழி இல்லாத இடங்களுக்கு. கம்பைல் ஆன மாட்யூல் அதில் முதல் வகை. நம்பை லைப்ரரிகூட 2021 ஜனவரியில் வந்த 1.20 பதிப்பிலிருந்துதான் வகைக் குறிப்புகளோடு வருகிறது, அதன் சி பகுதிகளுக்கு ஸ்டப்களே துணை.

இரண்டாவது வகை, ஓடும்போதுதான் உருவாகும் நிரல். அமேசான் கிளவுடோடு பேச உதவும் போட்டோ3 லைப்ரரியில் எஸ்3 என்று பெயர் கொடுத்து ஒரு கிளையன்ட் கேட்கிறோம். அந்தக் கிளையன்ட்டின் மெத்தட்களை எந்த பைத்தான் கோப்பிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தச் சேவையின் விவரம் ஜேசன் கோப்புகளில் இருக்கிறது, கேட்கும் நிமிடத்தில் அதைப் படித்து மெத்தட்களை லைப்ரரி உருவாக்குகிறது. மூல நிரலை முழுக்கப் படித்தாலும் எடிட்டருக்கு ஒன்றும் அகப்படாது. அதனால் இதற்கென்று தனி ஸ்டப் தொகுப்பு இருக்கிறது. ஓபனுக்குச் செய்த அதே ஓவர்லோட் உத்தியில், எஸ்3 என்று எழுதினால் எஸ்3க்கான பட்டியல், வேறு சேவையின் பெயரை எழுதினால் அதற்கான பட்டியல்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது, கல்லூரி மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவதும் அதுதான். ராஸ்பெர்ரி பை பிக்கோ போன்ற சின்னப் பலகையில் மைக்ரோபைத்தான் எழுதுகிறோம். விளக்கை எரிய வைக்க மெஷின் என்ற மாட்யூலை இம்போர்ட் செய்கிறோம். முதல் வரியிலேயே கோடு. மாணவர்கள் உடனே பிப் மூலம் மெஷின் என்று எதையாவது நிறுவப் பார்ப்பார்கள். அது கணினியில் இருக்கவே முடியாது, பலகையின் ஃபர்ம்வேருக்குள் இருக்கிறது. பிக்கோவுக்கான மைக்ரோபைத்தான் ஸ்டப்களை டைப்பிங்ஸ் ஃபோல்டருக்குள் நிறுவச் சொல்வேன். மெஷினுக்குள் இருக்கும் பின் என்ற பெயரை அடித்து அடைப்புக்குறி திறந்ததும், எண் எது, திசை எது, உள்ளே வருவதா வெளியே போவதா என்று எல்லாம் திரையில் வரும். நிரலே இல்லாத கணினியில் அதன் விவரம் மட்டும் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, ஸ்டப் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியிருப்பதில்லை. மூல நிரல் காணவில்லை என்ற மஞ்சள் எச்சரிக்கை மட்டும் மிஞ்சும். இந்த ஒரு புராஜெக்ட்டில் அது இயல்பு என்பதால் அதை மட்டும் அணைத்துவிடலாம்.

மண்டியின் தராசு மாட்யூலுக்குப் போன மாதம் புதிய பதிப்பு வந்தது. நிறுவியதும் முதலில் ஸ்டப்டெஸ்ட்டை ஓட்டினேன். என் ஸ்டப்பில் இருந்த ஒரு பெயர் நிஜ மாட்யூலில் இல்லை என்றது. தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் ஃபங்ஷனின் பெயரை மாற்றியிருக்கிறார்கள், பிடிஎஃப்பில் பழைய பெயரே இருந்தது. ஸ்டப்பில் பெயரைத் திருத்தினேன், நிரலில் அதை அழைத்த இரண்டு இடங்களிலும் கோடு விழுந்தது, அவற்றையும் திருத்தினேன். பிறகு மண்டிக்குப் போய், ஒரு மூட்டையைத் தட்டில் வைத்து ஆட்டிவிட்டு, என்ன வருகிறது என்று பார்த்தேன். நன்தான் வந்தது. அந்த வரியை அப்படியே விட்டிருக்கிறேன்.